எக்ஸெல்லில் ஏற்றிய அக்கறை

நாள்காட்டியில் கோடை விடுமுறை என்று அச்சிட்டிருக்கும் மே மாதத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி ஒன்று நடந்தது. எஃப்டிபி என்பார்கள். தலைப்பு: 'ஈடுபாடற்ற மாணவர்களை ஈர்க்கும் நவீன உத்திகள்'. மேடைப் பதாகையில் தாளாளரின் படம் பெரிதாகவும், அவருடைய காலஞ்சென்ற தந்தையின் படம் அதைவிடப் பெரிதாகவும், தலைப்பு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவிலும் இருந்தன. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஐந்து பிரமுகர்கள் ஏற்றி முடிப்பதற்குள் முதல் அமர்வில் பாதி போயிற்று. "மாணவர்கள்தாம் நமது சொத்து" என்றார் தாளாளர். கல்லூரி, பாலிடெக்னிக், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று வைத்திருப்பவர் சொத்துக் கணக்கில் தவற மாட்டார்.

அடுத்து வந்த சிறப்பு விருந்தினர், விரிவுரை முறை செத்துவிட்டது என்பதை மூன்று மணி நேரம் விரிவுரையாற்றி நிறுவினார். ஸ்லைடில் இருந்ததை வாசித்தார், வாசித்ததை விளக்கினார், விளக்கியதை அடுத்த ஸ்லைடில் மறுபடியும் வாசித்தார். இந்தத் தலைமுறைக்குச் சில விநாடிகளுக்கு மேல் கவனம் நிற்காது என்று அவர் சொன்ன நேரத்தில் கடைசி வரிசை இணைப் பேராசிரியர் ஐபிஎல் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தூண் மறைவில் இருந்த இருவர் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலையில் தேர்ந்தவர்கள். வருகைப்பதிவுக்குக் காலையும் மாலையும் திரையில் க்யூஆர் கோடு காட்டினார்கள். அதைப் படம்பிடித்து, மதியமே வீட்டுக்குப் போய்விட்ட நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார் ஒருவர். பேராசிரியருக்காகப் பேராசிரியர் போட்ட பிராக்ஸி. ஈடுபாடற்ற மாணவர் எப்படி இருப்பார், ஏன் அப்படி ஆகிறார் என்பதற்கான சகல சான்றுகளும் அந்த ஏசி அறைக்குள்ளேயே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்தாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆசிரியர்கள் மாணவர்களை நெருங்கிச் செல்ல வேண்டும் என்று சொல்லாத அமைப்பே இன்று இல்லை. ஏஐசிடிஇ சொல்கிறது, யுஜிசி சொல்கிறது, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் சொல்கிறது, பல்கலைக்கழகம் சொல்கிறது. சொல்வதோடு நிற்காமல் படிவமும் அனுப்புகிறார்கள். நெருங்கியதற்கு ஒரு படிவம், நெருங்கியதால் வந்த விளைவுக்கு ஒன்று, விளைவு வராவிட்டால் எடுத்த நடவடிக்கைக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் நிரப்பி நிமிர்ந்தால் மணி நாலரை. மாணவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

இந்தப் படிவங்களுக்கெல்லாம் தலைப்பிள்ளை மென்டர் புத்தகம். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் மென்டர் என்று கணக்கு. கெட்டி அட்டை, கல்லூரி முத்திரை, உள்ளே பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, பிரச்சினை, வழங்கிய ஆலோசனை, மாணவர் கையொப்பம். பிரச்சினை எழுதும் கட்டத்தின் அகலம் ஒரு கட்டைவிரல். ஒரு பையனின் வாழ்க்கை அதற்குள் அடங்க வேண்டும், அடங்கிவிடுகிறது. 'இர்ரெகுலர்' என்று பிரச்சினை. 'அட்வைஸ்டு டு பி ரெகுலர்' என்று ஆலோசனை. 'லோ மார்க்' என்று பிரச்சினை. 'அட்வைஸ்டு டு ஸ்டடி வெல்' என்று ஆலோசனை. காய்ச்சல் என்று வந்தவனிடம் 'காய்ச்சல் இல்லாமல் இரு' என்று சீட்டு எழுதும் டாக்டரை இந்த ஊர் உதைக்கும். வாத்தியாருக்கு மட்டும் ஏ ப்ளஸ் ப்ளஸ்.

நாக் குழு வருகிறது என்று தேதி தெரிந்துவிட்டால் மூன்றாண்டு அக்கறையை மூன்று இரவுகளில் எழுதியாக வேண்டும். துறை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஜெல், பால்பாயிண்ட் என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். அனுபவசாலிகள் நடுநடுவே டீ டம்ளரை வைத்து வட்டம் பதிப்பார்கள். புத்தகம் புழங்கியதுபோல் தெரிய வேண்டும் அல்லவா? அப்படி ஒரு புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். முதலாண்டு இரண்டாம் செமஸ்டரிலேயே கல்லூரியை விட்டு நின்றுபோன ஒரு பையன், மூன்றாமாண்டு ஜனவரியில் 'தற்போது நல்ல முன்னேற்றம்' அடைந்திருந்தான். கையொப்பமும் போட்டிருந்தான்.

இதையெல்லாம் வந்து பார்ப்பவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்கிறீர்களா? 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரச்சான்று தருவதற்காக லஞ்சம் வாங்கினார்கள் என்று நாக் ஆய்வுக்குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று குற்றச்சாட்டில் பட்டியல் நீண்டது. கல்யாணச் சீர் வரிசையில் குறைந்தது பித்தளைக் குடம் மட்டும்தான். அத்தகைய குழுவுக்கு டீ வட்டத்தின் உண்மைத்தன்மையைச் சோதிக்க ஏது நேரம்?

'ஸ்லோ லேர்னர்' என்று ஒரு பட்டியலும் உண்டு. முதல் இன்டர்னலில் குறைந்த மதிப்பெண் வாங்கியவனை அதில் சேர்த்து, சிறப்பு வகுப்பு நடத்தியதாகக் கால அட்டவணை போட்டு, அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டுவார்கள். மந்தமானவன் என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டு அவனுக்கு ஏன் உற்சாகம் வரவில்லை என்று ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதுவார்கள். வினாத்தாளிலோ இன்னொரு கூத்து. பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கர் 1956ல் கற்றலின் படிநிலைகளை வகுத்தார். நம் கல்லூரிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2, கே4 என்று போட வேண்டும். 'டிஃபைன்' என்று தொடங்கினால் மனப்பாடம். அதே கேள்வியை 'அனலைஸ்' என்று தொடங்கினால் உயர்நிலைச் சிந்தனை. பதில் என்னவோ அதே கைடின் அதே பக்கம்தான்.

வராத பையனின் வீட்டுக்குத் தகவல் சொல்வதும் இப்போது தானாகவே நடக்கிறது. முதல் பீரியட் முடிந்ததும் குறுஞ்செய்தி பறக்கும்: 'டியர் பேரன்ட், யுவர் வார்டு இஸ் ஆப்சென்ட் டுடே.' ஆங்கிலத்தில். அம்மா அந்த நேரத்தில் நூறு நாள் வேலையில் வாய்க்கால் வரப்பில் நிற்பார். அந்த வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன், அந்த வார்டுதான். அட்மிஷன் படிவத்தில் பெற்றோர் எண் என்று கொடுத்ததும் அவன் கையில் இருக்கும் போனின் எண்ணையே. தான் வரவில்லை என்ற செய்தியைத் தானே வாசித்து, தானே அழித்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறான். கல்லூரி முதல்வரின் கணினித் திரையில் 'பெற்றோருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டம் பச்சையாக ஒளிர்கிறது.

அவன் ஏன் திரும்பிப் படுக்கிறான் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

முகூர்த்த மாதங்களில் கேட்டரிங் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்திருக்கிறீர்களா? 'நாளைக்கு ரிசப்ஷன், இருபது பசங்க வேணும், பிளாக் பேன்ட் ஒயிட் ஷர்ட் கட்டாயம்' என்று வரும். ஐந்து நிமிடத்தில் இருபது பெயர்கள் விழுந்துவிடும். அத்தனை பேரும் கல்லூரிப் பிள்ளைகள். சாயந்தரம் வெல்கம் டிரிங்க் தட்டோடு வாசலில் நிற்பது, ராத்திரி பந்தி, இலை எடுப்பது, மேசை துடைப்பது, அண்டா ஏற்றுவது. மினி லாரியில் ஊர் வந்து சேர இரண்டு மணி. விடிகாலை முகூர்த்தம் என்றால் மண்டபத்து மாடியிலேயே படுக்கை, நாலு மணிக்குக் காபி டிரேயோடு எழுந்திரிக்க வேண்டும். கையில் கிடைப்பது ஐநூறோ அறுநூறோ. அதில்தான் செமஸ்டர் ஃபீஸ், பஸ் காசு, தங்கச்சிக்கு நோட்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. நல்ல காரியம், அதில் நக்கல் பண்ண எனக்கு மனமில்லை. ஆனால் ஆயிரத்தில் மாதம் ஓடிவிடும் என்று நினைப்பவர் கடைசியாக மளிகைக் கடைக்குப் போனது எப்போது என்று கேட்கலாம்.

போன ஆவணியில் ஒரு கல்யாணம். இரண்டாவது பந்தியில் ஒரு துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு ஊற்றியவன் அவருடைய இரண்டாமாண்டு மாணவன். அவன் "சார்" என்றான். அவர் இலையைப் பார்த்தபடி "போதும்பா" என்றார். அடுத்த நாள் முதல் பீரியடில் கடைசி பெஞ்சில் அவன் தலை சாய்ந்திருந்தது. எழுப்பி நிறுத்தி, "நைட்டு பூரா செல்போனா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்து வைத்தான். அன்றைக்கு மென்டர் புத்தகத்தில் ஏறிய வரி: 'இன்அட்டென்டிவ். அட்வைஸ்டு.'

அவன் விழித்திருந்தால் மட்டும் என்ன கேட்டிருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் முன்னால், தமிழில் படித்து வந்த ஓர் ஆசிரியர், இணையத்தில் இறக்கிய ஆங்கில ஸ்லைடை வாசிக்கிறார். டீக்கடையில் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொள்ளும் மொழி ஒன்று இருக்கிறது. வகுப்புக்குள் வந்ததும் இரண்டு பேருக்கும் தடுமாறும் மொழிக்கு மாறிக்கொள்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் தமிழில் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை. ஆனால் வராந்தாவில் ரவுண்ட்ஸ் வரும் முதல்வர் காதில் தமிழ் விழுந்துவிட்டால் மெமோ. கல்லூரி விளம்பரத்தில் 'சர்வதேசத் தரம்' என்று போட்டிருக்கிறார்களே!

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தனியார் கல்லூரி விரிவுரையாளரின் ஏப்ரல், மே மாதங்களைப் பற்றிக் கல்வியாளர்கள் யாரும் எழுதுவதில்லை. ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று இலக்கு. எம்.டெக், பிஎச்.டி முடித்தவர் பைக்கின் பின்னால் நோட்டீஸ் கட்டோடு பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாகப் போவார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் பார்த்து, சால்வை போட்டு, மாணவர் முகவரிப் பட்டியலை வாங்குவார். ஒரு காலத்தில் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று குழந்தைகளைப் பயமுறுத்தினார்கள். இப்போது அவருக்குக் கழுத்தில் ஐடி கார்டு. திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "அம்மா, தம்பியை எங்ககிட்ட விடுங்க, நாலு வருசத்துல கேம்பஸ்ல வேலையோட அனுப்புறோம்" என்பார். பொய் என்று அவருக்குத் தெரியும். இலக்கு முடியாவிட்டால் ஜூன் சம்பளம் நிற்கும் என்பதும், தன் அசல் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன என்பதும் தெரியும். மெக்கானிக்கல் கேட்டு வந்தவனை, அங்கே இடம் நிரம்பி இங்கே காலியாக இருப்பதால், பெயர் நீளமான ஏதோ ஒரு புதிய பிரிவில் தள்ளிவிடுவார்.

ஆகஸ்டில் அதே மனிதர் அதே பையன் முன்னால் கரும்பலகையில் நிற்கிறார். "ஏன்டா உனக்கு சப்ஜெக்ட்ல இன்ட்ரஸ்டே இல்ல?" என்று கேட்கிறார். அந்தப் பாடத்தில் ஆர்வம் இருப்பதாக அவன் எப்போது சொன்னான்? அவன் அம்மாவிடம் இவர்தானே சொன்னார்? பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆளை அடையாளம் காணத் தெரியும். திண்ணையில் மோர் குடித்த வாய் இப்போது கற்றலின் இன்பம் பற்றிப் பேசும்போது அவன் போனை எடுத்துப் பார்க்காமல் வேறு என்ன செய்வான்?

உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு 47 சதவீதம், நாடு முழுமைக்கும் 28.4 என்று 2021–22 கணக்கெடுப்பைக் காட்டி நாம் மார்தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான், தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி வாசலைப் பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆனால் அது வாசலில் நுழைந்தவர்களின் கணக்கு. நுழைந்தபின் அவர்களை வைத்து என்ன செய்தோம் என்ற கணக்கைக் கேட்டால், அதற்குத்தான் மென்டர் புத்தகம் இருக்கிறதே என்பார்கள்.

வருகைக்கு வருவோம். 75 சதவீதம் வராவிட்டால் பரீட்சை எழுத முடியாது. 65க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ், மன்னிப்புக் கடிதம், கட்டணம், முதல்வர் அறை வாசலில் அப்பாவோடு கைகட்டி நிற்பது. அதற்கும் கீழே போனால் செமஸ்டரே போயிற்று. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான், சரி. ஆசிரியர்களின் வருகை எப்படி? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டியிருக்கிறார்கள் என்றது. ஒரே ஆள் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராக இருந்தார். சில நாள்களில் பல்கலைக்கழகத் துணைவேந்தரே, 189 பேர் சுமார் 2,000 இடங்களை நிரப்பியிருக்கிறார்கள் என்றார்.

கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை திருமூலரோடு போயிற்று என்று நினைத்தோம். அவர் கூட ஒரு நேரத்தில் ஓர் உடம்பில்தான் இருந்தார். நம் பேராசிரியப் பெருமக்கள் பத்து உடம்பில் ஒரே சமயத்தில் இருந்து, ஆய்வுக்கு வந்தவர்களின் கண்ணில் பத்து இடத்திலும் தென்பட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வுக்கு வந்தவர்களும் பேராசிரியர்கள்தாம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனி ஒரு மாணவன் வகுப்புக்கு வரவில்லை என்று யாராவது கையை நீட்டினால், முதலில் அந்த வகுப்பில் ஆசிரியர் இருந்தாரா என்று கேளுங்கள். பையன் நான்கில் ஒரு நாளுக்கு மேல் வராவிட்டால் குற்றவாளி. வாத்தியார் பிறக்கவே இல்லை என்றாலும் அங்கீகாரம் தடையின்றிப் புதுப்பிக்கப்படுகிறது. அந்த வாத்தியார்களின் பெயரிலும் எங்கோ மென்டர் புத்தகங்கள் இருந்திருக்கும். அவர்களும் நன்றாகப் படிக்கும்படி யாருக்கோ ஆலோசனை சொல்லியிருப்பார்கள்.

நிர்வாகத்தையும் அரசையும் மட்டும் திட்டிவிட்டு ஆசிரியர் அறையைத் தாண்டிப் போய்விட முடியாது. அந்த அறையில் பதினோரு மணி டீயோடு தினமும் ஓதப்படும் மந்திரம் ஒன்று உண்டு: "இந்தக் காலத்துப் பசங்க சரியில்ல சார்." இதை ஓதுபவரின் மேசையில் அவர் வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் எழுதிய நோட்ஸ் இருக்கும். ஓரம் பழுத்து, நடுவில் மடித்த கோட்டில் கிழிந்திருக்கும். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை விரல்நுனியில் இருக்கும். எடுக்கும் வகுப்பில் இருபது பேரின் பெயர் தெரியாது. "டேய் ப்ளூ ஷர்ட்" என்று கூப்பிடுவார். இன்டர்னல் மதிப்பெண் 40 இவர் கையில். அதைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு, "பசங்க எங்ககிட்ட ஃப்ரீயா பேச மாட்டேங்குறாங்க" என்று கருத்தரங்கில் வருத்தப்படுவார். ஆசிரியரைப் பற்றிய கருத்துப் படிவத்தை மாணவர்கள் நிரப்பும்போது அதே ஆசிரியர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். தாளாளர் முன்னால் வாய் திறக்காத கோபத்தையெல்லாம் கடைசி பெஞ்சின் மேல் கொட்டுவது வீரம் என்று நம்புகிறவர்கள் இவர்கள். சம்பளம் குறைவு என்பது உண்மை. பெயர் தெரிந்துகொள்ளச் சம்பளக் கமிஷன் எதற்கு?

சம்பளம் குறைவானவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓர் அரசு கலைக் கல்லூரி, இரண்டாம் சுழற்சி, வணிகவியல் துறை. கௌரவ விரிவுரையாளர். வருடத்துக்கு 11 மாதம், மாதம் 25,000 ரூபாய். இத்தகைய ஆசிரியருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019லேயே சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களை இந்தக் கூலிக்கு வைத்துத்தான் நம் அரசுக் கல்லூரிகள் ஓடுகின்றன. அதே மணிக்கணக்கில் பாடம் நடத்தும் நிரந்தரப் பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் இவருக்கு வரும். இந்த விரிவுரையாளருக்கு எந்த உத்தியும் தெரியாது. எஃப்டிபிக்குக் கட்டணம் கட்ட அவரிடம் பணமில்லை.

அவர் வகுப்பில் மூன்று நாள் ஒருவன் வராவிட்டால் நான்காம் நாள் ராத்திரி எட்டு மணிக்குமேல் அவனுக்குப் போன் போகும். அப்பாவுக்கு அல்ல, அவனுக்கு. "என்ன தம்பி, ஆளையே காணோம், சாப்டியா?" என்பார். ஏன் வரவில்லை என்று கேட்கவே மாட்டார்; நாலாவது நிமிடம் அவனே சொல்லிவிடுவான். தினசரி காலண்டரில் முகூர்த்த நாள்களைச் சுழித்து வைத்திருக்கிறார். மறுநாள் முதல் பீரியடில் டெஸ்ட் வைப்பதில்லை. வருகைப்பதிவை வகுப்பின் தொடக்கத்தில் எடுக்காமல் கடைசியில் எடுப்பார். பஸ் தாமதமானவன் வாசலில் நின்று அவமானப்பட வேண்டாம். டெஸ்ட் தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருவார். சிவப்பு மையில் சுழியமாகப் போடாமல், எந்த வரியில் வழி தவறினான் என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதியிருப்பார்.

அடக்கவிலைக் கணக்கியல் நடத்தும்போது ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "கல்யாணத்துல ஒரு இலைக்கு என்னப்பா செலவாகும்?" என்று கேட்டிருக்கிறார். கடைசி பெஞ்ச் எழுந்துவிட்டது. வாழையிலையின் விலையிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை சொன்னார்கள். மாஸ்டர் கூலி எத்தனை இலை ஓடினாலும் மாறாது, காய்கறி மாறும் என்று ஒருவன் சொன்னான். நிலையான செலவு, மாறும் செலவு என்று பலகையில் எழுதினார் அவர். ஐந்நூறு இலைக்குப் பேசி முந்நூறு பேர் வந்தால் காண்ட்ராக்டர் எங்கே அடிபடுவார் என்று சண்டையே நடந்தது. அவர் போட்ட ஒரு கணக்கில் பரிமாறும் பையன்களின் கூலியை விட்டுவிட்டார் என்று ஒரு பையன் எழுந்து திருத்தினான். அந்தப் பருவத்தில் ஒருமுறைகூட வாய் திறக்காத பையன் அவன். "அதை எப்பவும் விட்டுடுறாங்க சார்" என்றான்.

அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. இரண்டு பேர் அப்புறமும் வரவேயில்லை. ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். போனில் பேசினால் "அடுத்த வருசம் பாக்கலாம் சார்" என்கிறான். மற்றவர்கள் வருகிறார்கள், தூங்கி வழிந்துகொண்டாவது வருகிறார்கள்.

இந்த நடவடிக்கைகள் கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவின் காதுக்கு எட்டின. 'சிறந்த நடைமுறைகள்' என்ற தலைப்பில் நாக் அறிக்கையில் சேர்க்கலாமே என்று அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சான்றுகள் கேட்டார்கள்: நிகழ்வுக்கு முன் விடுத்த சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, பயனாளிகள் பட்டியல் கையொப்பத்துடன், அட்சரேகை தீர்க்கரேகை பதிந்த ஜியோடேக் படம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசியதற்கு ஏது படம்? ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்திப் போன் பேசுவதுபோல் எடுத்துக் கொடுங்கள், போதும் என்றார்கள். பக்கத்தில் நிற்கிறவனிடம் போனில் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார் மனிதர்.

அந்த வாயாடித்தனம் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கோப்பைத் துருவினார்கள். பாடத்திட்ட நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு 'அத்தியாயம் 3' என்று இருக்க, வகுப்பில் கல்யாணச் சாப்பாடு பேசப்பட்டிருக்கிறது. மென்டர் புத்தகத்தில் அவருடைய பக்கங்கள் காலி. மாணவர் ஆலோசனைப் பணியை முறையாகச் செய்யவில்லை என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 30க்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மே மாதம் அவருக்கு வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. ஜூனில் மறுபடி எடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பதிலைப் பார்த்து முடிவு செய்வார்களாம்.